மாலத்தீவில் டீச்சர் வேலை: லாமுவில் பழகிய நாட்கள்

மாலத்தீவில் பள்ளிக்கூட வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனோடு முடியும். வெள்ளி, சனி விடுமுறை. கேட்க எளிதாக இருந்தாலும், எனக்குப் பழக ரொம்ப நாளானது இதுதான். நாகர்கோவிலில் வீட்டார் எல்லோரும் கூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் நான் வகுப்பில் நிற்பேன். எனக்கு ஓய்வான வெள்ளிக்கிழமை அவர்களுக்கு வேலை நாள். கடைசியில் சனிக்கிழமை சாயங்காலத்தைப் பேசுவதற்கென்று ஒதுக்கிக்கொண்டோம்.

நான் இருப்பது தெற்கே லாமு பவளத்தீவுக் கூட்டத்தில். இங்கே கன், மாந்தூ, கட்தூ, ஃபொனதூ நான்கு தீவுகளையும் சாலை இணைக்கிறது. விமானம் கட்தூவில் இறங்கும். அதனால் படகேறாமலே வீடு சேரலாம். மற்ற தீவுக் கூட்டங்களுக்குப் போன டீச்சர்கள் பலருக்கு இந்த வசதி கிடையாது.

சமையல்தான் அடுத்த பாடு. காய்கறி பெரும்பாலும் தலைநகர் மாலேயிலிருந்து சரக்குப் படகில் வரும். கடல் கொந்தளித்தால் படகு தாமதிக்கும், கடை காலியாகிவிடும். ஆரம்பத்தில் கத்தரிக்காய், புடலங்காய் என்று தேடித் தேடி அலுத்துப் போனேன். அப்புறம் பக்கத்து வீட்டு அம்மா சமைப்பதைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன். தேங்காய், கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, சீமைப்பலா, சூரை மீன் எல்லாம் நம்மூர்ப் பொருட்களே! சூரையோடு தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தால் மஸ் ஹுனி. ரோஷி என்ற மெல்லிய ரொட்டியோடு காலையில் சாப்பிடுவார்கள். முருங்கைக்கீரை சேர்த்தும் செய்வதுண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். ஊர்ச் சமையலை அப்படியே இங்கே நடத்தும் முயற்சியை விட்டுவிட்டு, தீவில் கிடைப்பதை நம் மசாலாவில் சமைக்கத் தொடங்கிய பிறகு வயிறும் மனசும் சரியாயின. இட்லி அரிசியும் உளுந்தும் மட்டும் ஊரிலிருந்து கொண்டுவருகிறேன்.

நிலத்தடி நீரை இங்கே குடிக்க முடியாது. தொட்டியில் சேர்த்த மழைநீர், இல்லாவிட்டால் பாட்டில் தண்ணீர்.

இது முழு இஸ்லாமிய நாடு. மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் எதையும் கொண்டுவர அனுமதியில்லை. நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன். ரமலான் மாதத்தில் பகலில் வெளியில் சாப்பிடக்கூடாது, பள்ளி நேரமும் மாறும். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது பிள்ளைகளின் வீடுகளிலிருந்து பலகாரம் வந்துவிடும். பிள்ளைகள் வீட்டில் திவேஹி பேசுகிறார்கள், பாடம் ஆங்கிலத்தில். நானும் எண்களைத் திவேஹியில் கற்றுக்கொண்டேன். வகுப்பு நெருக்கமானது அதற்குப் பிறகுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது பண விஷயம். சம்பளம் இந்நாட்டு நாணயமான ரூஃபியாவில் வரும், ஊருக்கு அனுப்ப அதை டாலராக மாற்ற வேண்டும். அதிகாரபூர்வ விலையில் ஒரு டாலருக்குச் சுமார் 15.42 ரூஃபியா. ஆனால் அந்த விலைக்கு வேண்டிய அளவு டாலர் கிடைக்காது. வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. வெளியில் வாங்கினால் விலை கூடுதல். ஆகவே சம்பளம் முழுவதையும் மாதாமாதம் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டுக்கடன் தவணை இருந்தால், சில மாதத் தவணைக்கான பணத்தை ஊர்க் கணக்கில் போட்டுவிட்டு, வீட்டாரிடமும் விவரமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.