ஈரல் கொழுப்பும் சாயங்காலப் பலகாரமும்

பித்தப்பையில் கல் இருக்குமோ என்று எடுத்த ஸ்கேனில் கல் இல்லை. 'கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்', அதாவது ஈரலில் ஆரம்பக் கட்டக் கொழுப்பு, என்று ஒரு வரி இருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 62, இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 200-ஐத் தாண்டியிருந்தது. எடை 84 கிலோ. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, அதனால் வீட்டில் யாரும் நம்பவில்லை. குடிக்காதவர்களுக்கும் இது வரும், தொப்பை போட்டு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம் என்றார் டாக்டர். மாத்திரை எதுவும் எழுதவில்லை. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைக்கச் சொன்னார். அதையும் வாரம் அரை கிலோ கணக்கில் நிதானமாக. பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கினால் ஈரலுக்கே கெடுதலாம்.

செய்தி கேட்ட எல்லாரும் சொன்னது, "கறியை விடு." செட்டிநாடு என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு மிளகுக் கோழியும் உப்புக்கறியும்தான். எங்கள் வீட்டில் கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும், பலகாரம்தான் தினமும். காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்து நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் ஆள் நான். சாயங்காலம் ஆனால் வெள்ளைப் பணியாரமோ கந்தரப்பமோ சீயமோ கடைக்கே வந்துவிடும். ஒரு நாள் சாப்பாட்டை எழுதிக் காட்டியபோது டாக்டர் சுழித்தது கோழியை இல்லை. மதியம் இரண்டாம் தடவை போடும் சோறு, காபியில் போடும் சர்க்கரை, அந்தப் பலகாரம். மாவும் இனிப்பும் மிஞ்சும்போது ஈரல் அதைக் கொழுப்பாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. காபியைத் தடுக்கவில்லை, சர்க்கரையைத்தான் தடுத்தார். எங்கள் பக்கம் இனிப்பாகச் செய்யும் கறுப்புக் கவுனி அரிசி நல்லதாயிற்றே என்று கேட்டுப் பார்த்தேன். சர்க்கரையும் நெய்யும் போடாமல் சாப்பிடுவீர்களா என்றார். அவை இல்லாமல் அது என்ன கவுனி என்று விட்டுவிட்டேன்.

தட்டில் பாதி காயும் கீரையும், சோறு ஒரே தடவை. அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டி எப்போதும் பிடிக்கும், அது கைகொடுத்தது. மீன் குழம்பு உண்டு, பொரித்த மீன் இல்லை. காலையில் ஊருணிக் கரையில் வேக நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்பது கணக்கு. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது.

நடையெல்லாம் ஒரு வேலையே இல்லை, விசேஷ வீடுகள்தான் பாடு. வேண்டாம் என்றால் சமையல் பிடிக்கவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு சாந்திக் கல்யாணத்தில், அதாவது அறுபதாம் கல்யாணத்தில், அயித்தை இலைக்கு முன்னால் வந்து நின்று, "ஒண்ணே ஒண்ணுப்பா, பால் பணியாரம் உடம்பை என்ன செய்யும்?" என்றார்கள். ஒன்றை வாங்கிக்கொண்டு சோற்றைக் குறைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் மாசக்கணக்கில் ஓட்ட முடியாது.

கீழாநெல்லிப் பொடி, ஈரல் லேகியம் என்று உறவுக்காரர்கள் அனுப்பியதையெல்லாம் தொடவில்லை. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத பொடி சில சமயம் ஈரலையே பாதிக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆறேழு மாசத்தில் 77 கிலோவுக்கு வந்தேன். எஸ்.ஜி.பி.டி. 34. அடுத்த ஸ்கேனில் அந்த வரி இல்லை. எடை ஏறினால் கொழுப்பும் திரும்பும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை இரத்தச் சர்க்கரையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தம்பிக்கும் தொப்பை போட்டு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. பரிசோதனைக்கு வா என்றால், ஆடி கழியட்டும் அண்ணே என்கிறான்.