முள் ஆடக் கூடாது

ஜனவரி 18, சென்னை

தம்பியோடு ஸ்கூபா டைவிங் போக மாஸ்க் வாங்கியாயிற்று. மூன்று கடை ஏறி இறங்கி, பதினொரு மாஸ்க் வைத்துப் பார்த்தேன். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். மூச்சை அடக்கியிருக்கும் வரை அது விழாமல் ஒட்டி நின்றால் நம் முகத்துக்குச் சரி. விலை கூடியது ஒன்று என் கன்னத்தோரம் காற்றை விட்டது. அதில் பாதி விலைக்கு இருந்த சின்ன மாஸ்க் கச்சிதமாக உட்கார்ந்தது.

ராத்திரி கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் பற்பசையைத் தடவி விரலால் தேய்த்தேன். புது மாஸ்க்கில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். அது போகாவிட்டால் கடலுக்குள் கண்ணாடி மங்கிக்கொண்டே இருக்கும். மூன்று முறை தேய்த்துக் கழுவிய பிறகுதான் திருப்தி.

ஜனவரி 29

ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தருவது), பிசிடி (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) எல்லாம் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்கிறான் தம்பி. வேண்டாம் என்றேன். வருஷத்துக்கு நான்கு நாள் இறங்குகிறவர்கள் நாங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து சர்வீஸ் செய்ய வேண்டிய பொருள் அலமாரியில் தூங்கும். ஒழுங்காகப் பராமரிக்கும் இடத்தில் வாடகைக்கு எடுப்பது மேல். கடைசி சர்வீஸ் எப்போது என்று கேட்க மட்டும் கூச்சப்படக் கூடாது.

போன ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடம்பில் கரையும் நைட்ரஜனைக் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் மட்டும் ஆளுக்கொன்று வாங்கினோம். ஒன்றை வைத்து இருவர் சமாளிக்க முடியாது. அவன் போன ஆழம் வேறு, நான் போன ஆழம் வேறு, உடம்பில் கரைந்த நைட்ரஜனும் வேறு.

பிப்ரவரி 8, ஹேவ்லாக்

அந்தமானின் இந்தத் தீவுக்கு 2018இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறியும் படகுத்துறையில் எல்லார் வாயிலும் ஹேவ்லாக்தான். நீமோ ரீஃபில் ஒரு பழகு டைவ். எனக்கு 6 கிலோ ஈயம் கட்டிவிட்டார்கள். கல் மாதிரி இறங்கினேன். 3 மில்லிமீட்டர் தடிமன் நீச்சல் சூட்டுக்கு எனக்கு 4 கிலோவே போதுமாக இருந்தது.

பிப்ரவரி 9

இதை விவரமாக எழுதி வைக்க வேண்டும்.

படகில் என் கருவிகளை நானே பூட்டி, சிலிண்டர் வால்வை முழுக்கத் திறந்தேன். சிலிண்டரின் காற்றழுத்தம் காட்டும் மீட்டரில் 200 பார். குதிக்கும் முன் படகு உதவியாளர் ஒருவர் பின்னால் வந்து வால்வைத் தொட்டுச் சரிபார்த்தார். நானும் நன்றி சொல்லிவிட்டுக் குதித்துவிட்டேன்.

15 மீட்டர் ஆழத்தில் மூச்சு இழுக்கக் கனத்தது, உறிஞ்சுகுழலில் கெட்டிப் பாயசம் இழுப்பது போல. மீட்டரைப் பார்த்தேன்: மூச்சை இழுக்கும்போது முள் 160இலிருந்து 100க்குச் சரிகிறது, விட்டதும் திரும்ப ஏறுகிறது. காற்று இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. தம்பிக்குச் சைகை காட்டினேன். தன் ஆக்டோபஸை, அதாவது கூடுதலாக இருக்கும் மூச்சுக்கருவியை, என் வாயில் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டான். வழிகாட்டி என் முதுகுப்பக்கம் வந்து வால்வைத் திருகினார். முள் அசையாமல் நின்றது. ஆனாலும் மேலே போவோம் என்று கட்டைவிரலைக் காட்டினேன். நிதானமாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, வெளியே வந்தோம்.

நடந்தது இதுதான். வால்வை முழுக்கத் திறந்து கொஞ்சம் பின்னால் திருப்பி விடுவது பழைய பழக்கம். உதவியாளர் திசை மாறி முழுக்க மூடிவிட்டு, கொஞ்சம் மட்டும் திறந்திருக்கிறார். மேலே அந்தச் சந்தே போதும். 15 மீட்டரில் அழுத்தம் 2.5 மடங்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று அத்தனை மடங்கு வேண்டும். அதை அந்தச் சந்து எப்படித் தரும்? இப்போதெல்லாம் முழுக்கத் திறந்து அப்படியே விடத்தான் சொல்லித் தருகிறார்கள்.

அவரைக் குறை சொல்லி என்ன? அவர் தொட்ட பிறகு நான் பார்க்கவில்லையே.

பிப்ரவரி 10

இன்று குதிப்பதற்கு முன், மீட்டரைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் நான்கைந்து மூச்சு நன்றாக இழுத்தேன். முள் துளியும் ஆடக் கூடாது. ஆடினால் வால்வைப் பார்க்க வேண்டும். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்த சிலிண்டரே வேண்டாம். அப்புறம் தம்பியின் வால்வை நானும் என்னுடையதை அவனும் திருகிப் பார்த்தோம். அதற்குப் பிறகு யாரையும் தொட விடவில்லை. உதவ வந்தவரின் கையைச் சிரித்துக்கொண்டே தடுத்தேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு டைவ். ஆமை ஒன்று பக்கத்திலேயே மேய்ந்தது. 50 பார் மீதியோடு ஏறினோம்.

பிப்ரவரி 11

இன்று கடலில் இறங்கவில்லை. நாளை காலை விமானம். பல டைவ் செய்தால் கடைசி டைவுக்குப் பின் விமானம் ஏற 18 மணி நேரமாவது போக வேண்டும். மாஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். தம்பியின் கம்ப்யூட்டரில் ‘இன்னும் பறக்காதே’ என்ற விமானக் குறி அணைந்துவிட்டது. என்னுடையதில் இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி.