குறைந்த மார்க்கில் கிடைத்த சீட்

2024 நீட்டில் நான் எடுத்தது 572. 2025-ல் அதைவிட ஏறக்குறைய நாற்பது மார்க் குறைவு. எனக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைத்தது அந்தக் குறைந்த மார்க்குக்குத்தான். சொன்னால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் யாரையோ பிடித்துத்தான் வாங்கியிருப்பார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டாவது தடவை எழுதப் போகிறவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

2024 ரிசல்ட் ஜூன் 14 அன்று வரும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். திடீரென்று ஜூன் 4-ஆம் தேதியே விட்டுவிட்டார்கள். அன்றைக்கு நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து முன்னிலை நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து அறையிலிருந்து 577 என்று சொன்னதும் டிவியை மியூட்டில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். மாதிரித் தேர்வுகளில் நான் அதுவரை தொடாத மார்க் அது. முந்தைய வருஷங்களின் கட்-ஆஃப் பட்டியலை வைத்துப் பார்த்தால் பிசி பிரிவில் எங்காவது ஓரிடத்தில் உள்ளே வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. 2023-ல் 720-க்கு 720 எடுத்தவர்கள் இரண்டே பேர். 2024-ல் அறுபத்தேழு பேர். உச்சியில் மட்டும் இல்லை, நடுவிலும் எல்லோருக்கும் மார்க் ஏறியிருந்தது. போன வருஷக் கட்-ஆஃபை வைத்து இந்த வருஷ மார்க்கை அளக்கக் கூடாது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. மார்க் என்பது அந்த வருஷத்து வினாத்தாளின் கடுமையைப் பொறுத்தது. சீட் கொடுப்பது ரேங்க்.

அப்புறம் கருணை மதிப்பெண் பிரச்சினை, வினாத்தாள் கசிவு வழக்கு, மறுதேர்வு வருமா வராதா என்ற பேச்சு. ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் முழு மறுதேர்வு தேவையில்லை என்று சொன்னது. ஆனால் கூடவே ஒரு இயற்பியல் கேள்வியும் மாட்டியது. அணுக்கள் பற்றி இரண்டு கூற்றுகள். ‘ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை’ என்று தொடங்கும் இரண்டாவது கூற்று மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தின் பழைய பதிப்பின்படி சரி, புதிய பதிப்பின்படி தவறு. முதலில் இரண்டு விடைகளுக்கும் மார்க் கொடுத்திருந்தார்கள். நீதிமன்றம் டெல்லி ஐஐடி நிபுணர்களிடம் கேட்டது. அவர்கள் ஒரே விடைதான் சரி என்றார்கள். நான் படித்தது பெரியப்பா மகன் கொடுத்த பழைய புத்தகம். அந்தப் பக்கத்தில் அவர் பென்சிலால் கோடு வேறு போட்டு வைத்திருந்தார். நான்கு மார்க் போய், தப்பு விடைக்கு ஒரு மார்க்கும் கழிந்து, 577 என்பது 572 ஆனது. என்னைப் போல லட்சக்கணக்கானவர்களுக்கு அதே ஐந்து மார்க் போனது. திருத்திய ரிசல்ட்டில் 720 எடுத்தவர்கள் பதினேழு பேர் ஆனார்கள். வீட்டில் இருக்கும் பழைய புத்தகமே போதும் என்று யாராவது சொன்னால், இந்தக் கேள்வியைக் காட்டுங்கள்.

சீட் வராது என்று தெரிந்த பிறகும் தமிழ்நாடு மருத்துவத் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பித்துக் கவுன்சலிங்கில் கடைசிவரை இருந்தேன். வீட்டில் எதற்கு என்று கேட்டார்கள். இப்போது நினைத்தால், அந்த வருஷம் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் யாருக்கு எந்தக் கல்லூரி ஒதுக்கினார்கள் என்ற பட்டியல் வெளியாகும். அதையெல்லாம் இறக்கி, எந்தக் கல்லூரி எந்தப் பிரிவில் எந்த ரேங்க்கில் மூடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மார்க்கை எழுதவில்லை, மாநில ரேங்க்கையும் பிரிவு ரேங்க்கையும் மட்டும். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் எவ்வளவு இறங்குகிறது என்பதும் அதில் தெரிந்தது. அகில இந்திய ஒதுக்கீட்டில் கிடைத்து இங்கே விட்டுவிட்டுப் போகிறவர்களால் இடங்கள் காலியாகிக் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். கடைசிச் சுற்றில் அதிசயம் நடக்கும் என்று சொல்பவர்களிடம் அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

தனியார் கல்லூரியில் பிடிஎஸ், அதாவது பல் மருத்துவம், கிடைக்கும் நிலை இருந்தது. அம்மாவுக்கு அதில் சேர்த்துவிட ஆசை. “ஒரு வருஷம் வீணாகுமேடி, திரும்ப எழுதி இதுவும் வராவிட்டால்?” என்றார். கேள்வி நியாயமானது. நீட்டுக்கு இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்பு கிடையாது. மேல் வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். அதனால் போதும் என்று நம்மைத் தடுக்க எந்த விதியும் இல்லை. நாமேதான் ஒரு கோடு போட வேண்டும். இன்னும் ஒரு தடவை, அதிலும் வராவிட்டால் கிடைப்பதில் சேர்ந்துவிடுவேன் என்று சொன்னேன். அப்பா அதை வாய்வார்த்தையாக விடவில்லை. காலண்டருக்குப் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். விளையாட்டாகத்தான், ஆனால் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவே இல்லை.

பயிற்சி மையம் தேடிப் போன கதை தனி. ரிப்பீட்டர் பேட்ச் என்றாலே போன வருஷ மார்க்கைக் கேட்டு, அதை வைத்துக் கட்டணத்தில் சலுகை பேசுவார்கள். ஓரிடத்தில் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையும் டிசியையும் அட்மிஷனுக்கு வாங்கி வைத்துக்கொள்வோம் என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். எந்தக் காரணம் சொல்லிக் கேட்டாலும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். பிறகு அதைத் திரும்ப வாங்குவது நீட்டைவிடப் பெரிய தேர்வு. கடைசியில் வேறோர் இடத்தில் டெஸ்ட் சீரிஸில் மட்டும் சேர்ந்தேன். முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்கும் வகுப்புகள் ஐந்நூறுக்கு மேல் எடுத்தவர்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. தெரிந்ததையே கேட்கும்போது நன்றாகப் படிக்கிறோம் என்ற நினைப்பு வரும், அவ்வளவுதான்.

அதற்குப் பதில் என் பழைய விடைத்தாளோடு உட்கார்ந்தேன். வட்டங்களைக் கறுத்து விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளின் ஸ்கேன் படத்தை, தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை (என்டிஏ) தருகிறது; வினாத்தாள் நம் கையிலேயே இருக்கும்; விடைக்குறிப்பும் வரும். ஒவ்வொரு தப்பான கேள்விக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதினேன்: தெரியாது, அவசரம், ஊகம். உயிரியலில் தெரியாது என்பது அபூர்வம். பொருத்துக வகைக் கேள்விகளிலும் கூற்று, காரணம் கேள்விகளிலும் அவசரம் என்ற வார்த்தை வரிசையாக வந்தது. இயற்பியலில் ஊகம். தெரியாத கேள்விகளில் ஏதோ ஒரு வட்டத்தைக் கறுத்து, கழிந்த மார்க்கை மட்டும் கூட்டிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வருஷ அட்டவணை அந்தத் தாளிலிருந்து வந்தது. உயிரியலுக்கு வரி வரியாக என்சிஇஆர்டி, புதிய பதிப்பு. இயற்பியலுக்குத் தினமும் கணக்கு, கூடவே எந்தக் கேள்வியைத் தொடாமல் விடுவது என்ற பழக்கம்.

ஜனவரி கடைசியில் என்டிஏ ஓர் அறிவிப்பு விட்டது. கொரோனா காலத்தில் வந்த ‘பி’ பிரிவு இனி இல்லை. அதுவரை 200 கேள்விகளில் 180-க்கு விடை, 200 நிமிஷம். இனி 180 கேள்வி, எல்லாமே கட்டாயம், 180 நிமிஷம். பிடிக்காத கேள்வியை மார்க் இழக்காமல் தாண்டிப் போகும் வசதி போனது, இருபது நிமிஷமும் போனது. டெஸ்ட் சீரிஸ் நடத்தியவர்கள் ஏற்கனவே அச்சடித்த தாள்களைத் தீர்ப்பதற்காகப் பிப்ரவரியிலும் பழைய முறையிலேயே நடத்தினார்கள். நான் அவர்கள் தாளை வாங்கி வீட்டில் 180 நிமிஷத்துக்கு அலாரம் வைத்து எழுதினேன்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஏப்ரல் 4 அன்று, தமிழ்நாட்டின் நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்று முதல்வர் சட்டப்பேரவையில் சொன்னார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த இரண்டு வருஷமும் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் “நீட் ரத்தாகிடுமாமே” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். விலக்கு வேண்டும் என்ற நியாயம் வேறு, நாளை எழுத வேண்டிய பரீட்சை வேறு. பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கை நடந்த காலத்தைப் பற்றி அப்பா பேசும்போது எனக்கும் ஆதங்கம் வரும். ஆனால் அந்த நம்பிக்கையில் புத்தகத்தை மூடி வைத்த ஒரு தோழியையும் எனக்குத் தெரியும்.

மே 4 மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. ஒன்றரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அரைக்கைச் சட்டை, செருப்போடுதான் போக வேண்டும், நகை கிடையாது; இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உயிரியலை முதலில் முடித்து, வேதியியல் போய், இயற்பியலைத் திறந்தபோது மணி மூன்றே முக்காலைத் தாண்டியிருந்தது. முதல் பக்கத்தில் நேரடியாகப் போட முடிகிற கணக்கு ஒன்றுகூட இல்லை. பக்கத்து வரிசையில் ஒரு பையன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முதல் வருஷமாக இருந்தால் நான் வட்டங்களை நிரப்ப ஆரம்பித்திருப்பேன். இந்தத் தடவை முழுத் தாளையும் ஒரு முறை புரட்டி, செய்ய முடிந்தவற்றை மட்டும் சுழித்துக்கொண்டு செய்தேன். மீதியை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். வெளியே வந்தால் பிள்ளைகள் பலர் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கும் நிம்மதி ஒன்றும் இல்லை.

ஜூன் 14 ரிசல்ட். மார்க்கைப் பார்த்ததும் அம்மா முகம் வாடிவிட்டது. நான் ரேங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. அறுநூறைத் தாண்டியவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். என் பழைய நோட்டை எடுத்து அகில இந்திய ரேங்க்கை வைத்துக் கணக்குப் போட்டபோதே தெரிந்துவிட்டது, அரசுக் கல்லூரி உண்டு என்று. தமிழ்நாட்டு ரேங்க் பட்டியல் வரும்வரை வெளியே சொல்லவில்லை.

சான்றிதழ்களில் ஒரு விஷயம். நம் கையிலிருக்கும் பிசி சாதிச் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்குத்தான். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதமான அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி இடம் கேட்டால் மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். அது வருமானத்தோடு சேர்ந்தது என்பதால் அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். ஏப்ரல் பிறந்ததுமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுவது நல்லது. ரிசல்ட் வந்த பிறகு அங்கே வரிசை தெருவுக்கு வந்துவிடும். அப்புறம் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதுவும் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும் என்று எங்கள் தெருவில் பலர் அடித்துச் சொன்னார்கள். வராது.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போதுதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கிடைக்கக்கூடிய கல்லூரியை முதலில் போடாவிட்டால் அதுவும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை ஒதுக்குவார்கள். கிடைக்காத கல்லூரியை மேலே போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியையே முதலில் போட்டேன், கிடைக்காது என்று தெரிந்தே. ஆபத்து கீழே இருக்கிறது: பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிடுவது. 2022-ல் தொடங்கிய பதினோரு புதிய அரசுக் கல்லூரிகள் என் நோட்டின்படி பழைய கல்லூரிகளுக்குப் பிறகுதான் நிரம்பின. அவை எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்தேன். கட்டடம் புதிது, ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் வருவது குறைவாக இருக்கும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்த இடங்கள் அவற்றில் பல. கூட்டத்துக்குக் குறைச்சலே இல்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்றுதான் முதல் சுற்றில் கிடைத்தது. அடுத்த சுற்றில் கொஞ்சம் பழைய கல்லூரிக்கு நகர வாய்ப்பு உண்டா என்று அப்பா என் நோட்டை வாங்கி ஓர் இரவு முழுக்கப் புரட்டினார். காலையில், “நகர்ந்தா எங்கே போவேன்னு பார்த்தேன், அது இன்னும் தூரம்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கிடைத்ததிலேயே சேர்ந்துவிட்டேன். நோட்டு இப்போது எதிர்வீட்டுப் பையனிடம் இருக்கிறது; அதில் மார்க் ஏன் எழுதவில்லை என்று கேட்டான். ரேங்க்கை மட்டும் பார் என்று சொல்லி அனுப்பினேன்.