ஆமை முட்டையை இடம் மாற்றும்போது

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டைகளை, அவற்றைக் காத்துப் பொரிக்கவிடும் பொரிப்பகத்துக்கு மாற்றுவதில் நேரம்தான் எல்லாம். இட்ட இரண்டு மணி நேரத்துக்குள் புதுக் குழியில் வைத்துவிடுவது நல்லது. தாமதமானால் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் செத்துவிடும். எனவே மேல்பக்கம் மாறாமல், குலுக்காமல் எடுத்து வையுங்கள்.

குழி சுமார் 45 செ.மீ. ஆழம், வாய் குறுகி, அடி அகன்று குடம்போல இருக்கட்டும். உலர்மணல் சரிந்து விழுந்தால் முதலில் சுற்றிலும் நீர் தெளியுங்கள்.

மணல் 29 டிகிரியை ஒட்டியிருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பொரிக்கும். 32-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பெண்தான். 35-க்கு மேல் நீடித்தால் கருவே தங்காது. நிழல்வலை கட்டுவது இதற்காகத்தான். ஆனால் வெப்பமானி வைக்காமல் வலை கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பொரித்த குஞ்சுகளை விடியும்வரை வாளியில் வைக்கவே வைக்காதீர்கள். கடலில் நீந்த வேண்டிய தெம்பு வாளிக்குள்ளேயே தீர்ந்துபோகும்.