முதலில் வெளிச்சுவர், பிறகுதான் குசினி

லண்டனில் எங்கடை சனம் வீடு பார்க்கப் போனால், வாசல் எந்தத் திசை என்று பார்க்கும், நேரே குசினிக்குள் போகும், பிறகு சாமியறைக்கு எந்த மூலை தோது என்று யோசிக்கும். ஏஜென்ட் தருகிற நேரம் அதோடு முடிந்துவிடும். நானும் மனிசியும் ஈஸ்ட் ஹாமில் வீடு தேடத் தொடங்கியபோது, கட்டட வேலை செய்கிற அண்ணை ஒருவர் சொன்னார்: "தம்பி, குசினியை எப்பவும் மாத்தலாம். சுவரை மாத்தேலாது. முதல்ல றோட்டில நிண்டு வடிவாப் பார்."

அங்கே நாங்கள் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக்கும் முதலாம் உலகப் போருக்கும் இடையில் வரிசையாகக் கட்டியவை. இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர், 9 அங்குலத் தடிப்பு. செங்கல்லு அடுக்கியிருக்கிற விதத்திலேயே அது தெரிந்துவிடும். நீளப்பக்கம் ஒன்று, தலைப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி வந்தால் அனேகமாகக் கெட்டிச் சுவர். எல்லாக் கல்லும் நீளப்பக்கம் காட்டினால் நடுவில் வெளி விட்ட காவிட்டி சுவர். 1930களில் எழும்பிய ஹரோ, இல்ஃபோர்ட் பக்கத்து வீடுகளில் இதைக் கூடுதலாகக் காணலாம். கெட்டிச் சுவர் கூடாது என்றில்லை. குளிர்காலத்து காஸ் பில்லில் தன் குணத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது கல்லுக்கு நடுவில் இருக்கிற சாந்தைப் பார்த்து. இந்தப் பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும்: ஈரத்தை வாங்கும், வெயில் காய்ந்ததும் விட்டுவிடும். பின்னாளில் யாரோ அந்த இடுக்குகளில் சீமெந்தைத் திணித்திருந்தால் ஈரத்துக்கு அந்த வழி அடைபட்டுவிடும். கல்லு வழியாகத்தான் வெளியேற வேண்டும். உறைபனியில் கல்லுக்குள் நிற்கிற தண்ணீர் விரிந்து கல்லின் முகத்தைப் பொருக்காகக் கழற்றும். கல்லு உள்ளே தேய்ந்து, சீமெந்துக் கோடு மட்டும் முன்னுக்குத் துருத்திக்கொண்டு நின்றால் விஷயம் இதுதான். ஒன்றிரண்டு கல்லை மாற்றலாம். முன்சுவர் முழுக்க அப்படி உதிர்ந்திருக்க, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்து, புதுப்பித்த வீடு என்று விற்கிறார்கள். பழைய செங்கல்லில் புதுப் பெயின்ட் கண்டால் எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.

ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குக் கிட்ட ஒரு வீடு. குசினி பளபளவென்று இருந்தது. முன் தோட்டத்தைக் கார் விடுவதற்காகக் கொங்கிறீட் போட்டு உயர்த்தியிருந்தார்கள். சுவரின் அடியில் ஈரம் மேலேறாமல் தடுக்கிற ஒரு படை இருக்கும், பழைய வீடுகளில் அனேகமாக ஸ்லேட் கல்லு. வெளித்தரை அதற்குக் குறைந்தது 150 மில்லிமீற்றர் கீழே இருக்க வேண்டும். இங்கே இரண்டும் ஒரே மட்டம். பலகைத் தரைக்கு அடியில் காற்றுப் போகிற ஓட்டைக் கல்லும் பாதி புதைந்து கிடந்தது. அது அடைபட்டால் கீழே இருக்கிற மரச் சட்டங்கள் உக்கும். உள்ளே முன்னறையில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். மனிசி சாடையாக எட்டி, பின்னால் இருந்த அடிப்பலகையைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனது. சுவரில் இடுப்பளவுக்குப் பூச்சு வேறு நிறம். யன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்றார் ஏஜென்ட். வெளிச்சுவரில் வரிசையாகத் துளைபோட்டு அடைத்த அடையாளம், ஈரத்துக்கு மருந்து ஏற்றியது. படத்தைக் காட்டியபோது அண்ணை சிரித்தார்: "மருந்து ஏத்தினது சரி, கொங்கிறீட்டை இறக்கேல்லையே."

வெடிப்பு இன்னொரு கதை. லண்டனின் பெரும்பகுதிக்குக் கீழே களிமண். கோடையில் காய்ந்தால் சுருங்கும், பக்கத்தில் பெரிய மரம் நின்றால் இன்னும் சுருங்கும். 1976 வரட்சிக்குப் பிறகு அத்திவாரம் இறங்கியதாகக் காப்புறுதிக் கம்பனிகளிடம் போனவர்கள் ஏராளம். பூச்சில் ஓடுகிற மயிரிழை வெடிப்புக்குப் பயமில்லை. யன்னல் மூலையிலிருந்து சாந்து வழியே படிக்கட்டு மாதிரி ஏறி, மேலே போகப் போக அகலும் வெடிப்பு, அதுவும் 5 மில்லிமீற்றருக்கு மேல் என்றால், கட்டமைப்பு இஞ்சினியர் பார்க்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது.

விலைக்கு ஏஜென்ட் வாயை நம்பத் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995இலிருந்து வீடுகள் என்ன விலைக்குக் கைமாறின என்பதை லாண்ட் ரெஜிஸ்ட்ரி என்கிற அரச காணிப் பதிவகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டின் எரிசக்திச் சான்றிதழில் தரைப் பரப்பு சதுர மீற்றரில் இருக்கும். ஒன்றை மற்றதால் பிரித்து, அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் கேட்கிற விலை நியாயமா என்று பிடிபடும். மோட்கேஜுக்காக வங்கி போடுகிற மதிப்பீட்டைப் பார்த்து "வங்கியே ஓம் எண்டிட்டுது" என்று நிம்மதியடைகிறவர்கள் எங்களில் நிறைய. அது வங்கி தன் காசைக் காக்கப் பார்ப்பது. சில வேளை ஆளே வராமல் கணினியில் முடித்துவிடுவார்கள். இவ்வளவு பழைய வீட்டுக்கு, ஆர்ஐசிஎஸ் என்கிற தொழில்சார் அமைப்பில் பதிந்த சேர்வேயரைப் பிடித்து, வீட்டை ஆக விரிவாகப் பார்க்கிற மூன்றாம் நிலைச் சேர்வே எடுக்க வேண்டும். காசு கூடத்தான்.

கடைசியில் வேறொரு தெருவில், மண்ணிறக் குசினியோடு ஒரு வீட்டைப் பிடித்தோம். சுவர் திறம். ஆனால் சேர்வேயர் கூரைக்குக் கீழே இருக்கிற மாடத்துக்குள் ஏறிப் பார்த்து, கூரையில் இருந்த ஸ்லேட்டைக் கழற்றிவிட்டுப் பாரமான கொங்கிறீட் ஓடு போட்டிருப்பதையும், மரம் தாங்காமல் கூரை சாடையாக வளைந்திருப்பதையும் எழுதித் தந்தார். இங்கிலாந்தில் இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைமாறும் வரைக்கும் விலை முடிந்த விலை இல்லை. கூரை வேலைக்கு எஸ்டிமேட் எடுத்து, அறிக்கையோடு சொலிசிட்டர் மூலமும் ஏஜென்ட் மூலமும் அனுப்பினோம். விற்கிறவர் முதலில் முகத்தைத் திருப்பினார். பிறகு செலவில் பாதிக்கு மேல் குறைத்தார். மிச்சத்துக்குச் சீட்டை எடுத்தோம்.