வரக்காப்பியும் வயிறும்

2025 ஜனவரி 6, இரவு

காலை பத்தரைக்கு மகள் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு. முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் என்பதால் அவளுடைய முதல் அழுகையைக் கேட்க முடிந்தது. கால் மரத்தது இப்போதுதான் தெளிகிறது. நர்ஸ் அக்கா இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "காத்து பிரிஞ்சா உடனே சொல்லும்மா" என்றார்.

ஜனவரி 7

சிறுநீர் டியூபை எடுத்துவிட்டார்கள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் இரண்டு நடை. வயிறு மத்தளமாக உப்பிக் கிடக்கிறது. இருமினால் தையலில் சுரீர் என்கிறது. பிரசவ வலியைப் பற்றி ஊரே பேசியது. இந்த வாயுவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே!

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டார். "குடல் சத்தம் நல்லா இருக்கு. காப்பி குடிக்கிற பழக்கம் உண்டா? பால் இல்லாம கொஞ்சம் குடிங்க."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பச்ச உடம்புக்காரிக்குக் காப்பியா?"

அவர் பொறுமையாக விளக்கினார். ஆபரேஷனுக்குப் பிறகு குடல் கொஞ்சம் அசையாமல் நின்றுவிடுமாம். சிறுகுடல் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். பெருங்குடல்தான் கடைசி, இரண்டு மூன்று நாள்கூட ஆகும். வலி மருந்துகளில் சில அதை இன்னும் மந்தமாக்கும். காப்பி பெருங்குடலைத் தூண்டும். காஃபீன் நீக்கிய காப்பிக்கும் ஓரளவு அந்தக் குணம் உண்டு.

மதியம் என் கணவர் ஃபிளாஸ்க்கில் வரக்காப்பி கொண்டுவந்தார். டம்ளரில் பாதிதான். மூடியைத் திறந்ததும் டெட்டால் வாடை போய் டிகாக்‌ஷன் மணம் எழுந்தது. எங்கள் வீட்டுக் காலையே அந்த அறைக்குள் வந்த மாதிரி இருந்தது. வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினேன்.

ஜனவரி 8, விடியற்காலை 3.40

பிரிந்தது! அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து என் தலையைத் தடவி, "நல்லா இரும்மா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காப்பியால்தானா? போனில் தேடிப் படித்தேன். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஒரு பாதிக்குக் காப்பி, மறுபாதிக்குத் தண்ணீர் என்று தினம் மூன்று வேளை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2012இல் வெளியான ஆய்வு. காப்பி குடித்தவர்களுக்குச் சுமார் 14 மணி நேரம் முன்னதாகவே மலம் போயிருக்கிறது. காற்று பிரிவதில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னர் ஈரானிலும் துருக்கியிலும் சிசேரியன் ஆன பெண்களிடமும் சோதித்திருக்கிறார்கள். ஆனாலும் எனக்குக் காற்று பிரிந்தது காப்பியால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. என் வராந்தா நடைக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

ஜனவரி 9

மோஷன் போனது. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. முக்க வேண்டாம் என்று சிரப்பும் கொடுத்திருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கட்டும், தண்ணீர் நிறையக் குடி என்றார் நர்ஸ் அக்கா.

ஜனவரி 12, வீடு

காஃபீன் தாய்ப்பாலில் கொஞ்சம் இறங்கும். பிறந்த குழந்தையின் உடம்பிலிருந்து அது வெளியேற நாள் கணக்கில் ஆகும். அதனால் தினம் சின்ன டம்ளரில் இரண்டு, அதுவும் அவள் பால் குடித்து முடித்த கையோடு.

சற்று முன் அம்மாவே டம்ளரை ஆற்றிக்கொண்டு வந்து நின்றாள். "பிள்ள பால் குடிச்சிட்டாளா?"