பதினோரு மாத வேலை: சில குறிப்புகள்

ஜனவரி 18, 2025, சனி

காலையிலிருந்து வாட்ஸப் குழுவில் ஒரு பிடிஎஃப் சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தில், தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்துக்கு ஆய்வக நுட்புநர் 3 பேர் எடுக்கிறார்கள். போன வருட அறிவிப்பில் தேதியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு என்பதால், மாவட்ட இணையதளத்துக்குள் போய்த் தேடிப் பார்த்தேன். உண்மைதான். கடைசித் தேதி ஜனவரி 31, மாலை 5 மணி.

தொகுப்பூதியம் 13,000. ஒப்பந்தம் 11 மாதம். கடைசிப் பக்கத்தில் வழக்கமான நிபந்தனைகள்: பணி முற்றிலும் தற்காலிகமானது, எந்தக் காலத்திலும் நிரந்தரம் செய்யப்படமாட்டாது, சேரும்போது சுயவிருப்ப ஒப்புதல் கடிதம் தர வேண்டும்.

இப்போது இருக்கும் தனியார் லேபில் எனக்கு 9,500. பிஎஃப் இல்லை. ஞாயிறும் பாதி நாள் போக வேண்டும். 3,500 ரூபாய் கூடுதல் என்று பார்த்தால் நல்லதுதான். ஆனால் அந்த ஊருக்கு இங்கிருந்து டவுன் பஸ் கிடையாது. மப்சல் பஸ்ஸில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. கூடுதலில் பாதியை பஸ்ஸே தின்றுவிடும். இருந்தாலும் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஜனவரி 22, புதன்

கேட்டிருக்கும் காகிதங்கள்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டிஎம்எல்டி (ஆய்வக நுட்புநர் டிப்ளமோ) சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, அனுபவச் சான்று, ஆதார், எல்லாவற்றிலும் நானே கையெழுத்துப் போட்ட நகல். இருப்பிடச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டியாயிற்று. இனி விஏஓவும் ஆர்ஐயும் கண் திறக்க வேண்டும்.

அனுபவச் சான்றுதான் இழுபறி. லேப் முதலாளியிடம் கேட்டால் "எதுக்கும்மா, பேங்க் லோனா?" என்கிறார். ஏதாவது பொய் சொல்லலாம் என்று அம்மா சொன்னாள். நான் உண்மையையே சொன்னேன். முகம் மாறிவிட்டது. "கவர்மென்ட் வேலைன்னு நினைச்சுப் போறீங்க, பதினோரு மாசம் கழிச்சு இங்கதான் வந்து நிப்பீங்க" என்றார். நாளைக்குத் தருகிறேன் என்றிருக்கிறார். மூன்று ஆள் வேலையை ஒருத்தியை வைத்து வாங்கிக்கொண்டு, அவள் போகிறேன் என்றால் மட்டும் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி அரசுப் பள்ளியில் பகுதிநேரத் தையல் ஆசிரியை. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று 16,549 பேரை ஒரே வீச்சில் எடுத்தார்களே, அதில் ஒருத்தி. வாரத்துக்கு மூன்று அரை நாள், சம்பளம் 5,000. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இப்போது 12,500-ல் நிற்கிறது. மே மாதம் சம்பளமே கிடையாது. திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையில் நிரந்தரம் செய்வதாக 181-ஆம் வாக்குறுதி இருந்தது. அந்த எண்ணைச் சித்தி வீட்டில் குழந்தைகூட சொல்லும்.

"பதினோரு மாசம்னு போட்டிருந்தா, பதினோரு மாசம்னே நினைச்சுக்கிட்டுப் போ" என்றாள் சித்தி. "நாங்க எல்லாம் இந்த வருஷம் பண்ணிடுவாங்க, அடுத்த பட்ஜெட்ல பண்ணிடுவாங்கன்னு வேற எதுக்கும் எழுதிப் போடல. வயசு போயிடுச்சு."

சித்தப்பா அந்தப் பக்கத்திலிருந்து சட்டம் பேச ஆரம்பித்துவிட்டார். சித்திக்காகச் செய்தித்தாள் வெட்டி வைத்தே பாதி வக்கீல் ஆனவர். 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் வந்த தற்காலிக ஊழியர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவர்களை மட்டும் ஒருமுறை பரிசீலிக்கலாம் என்றது. அன்றிலிருந்து எல்லா அலுவலகமும் அதையே கேடயமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. போன டிசம்பர் 20-ஆம் தேதி ஜக்கோ வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், உமாதேவி தீர்ப்பை இப்படி ஆயுதமாக்கக் கூடாது என்று கண்டித்திருக்கிறதாம். மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் வருடக்கணக்கில் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்களை நிரந்தரம் செய்யச் சொல்லியிருக்கிறது. சித்தப்பா குரலில் அவ்வளவு உற்சாகம். சித்தி எழுந்து சோறு போடப் போய்விட்டாள்.

ஜனவரி 29, புதன்

தபாலை நம்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தபால் பிரிவில் நகலில் சீல் வைத்து வாங்கிக்கொண்டேன். இதைக் கேட்டால்தான் வைப்பார்கள், தானாக வைக்க மாட்டார்கள்.

வெளியே டீக்கடையில் ஒரு ஆள். வெள்ளைச் சட்டை, இரண்டு போன். எந்தப் பதவி என்று கேட்டுவிட்டு, "மேல பேசிக்கலாம், ரெண்டுல முடிச்சுடலாம்" என்றார். இரண்டு என்றால் இரண்டு லட்சம். 13,000-ஐ 11-ஆல் பெருக்கினால் 1,43,000. ஒரு லட்சத்து நாற்பத்து மூன்றாயிரம் சம்பாதிக்க இரண்டு லட்சம் கொடுக்கிற வியாபாரம் எங்கே நடக்கும்? இங்கே நடக்கும் போலிருக்கிறது. ஏனென்றால் கொடுக்கிறவர்கள் யாரும் பதினோரு மாதத்துக்காகக் கொடுப்பதில்லை. உள்ளே நுழைந்துவிட்டால் என்றைக்காவது ஒருநாள் நிரந்தரமாகும் என்றுதான் நகையை விற்கிறார்கள். ஆகாது என்று அறிவிப்பிலேயே அச்சடித்திருப்பதை அந்த வெள்ளைச் சட்டையும் படித்திருப்பார்.

பிப்ரவரி 12, புதன்

நேர்காணல் 19-ஆம் தேதி என்று மின்னஞ்சல் வந்தது. படிக்கிறேன். லேபில் நாள் முழுக்க சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று மெஷினில் ஓட்டுவதால் சளிப் பரிசோதனையில் கை துருப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 19, புதன்

காலை 9 மணிக்கு வரச் சொன்னார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு தொடங்கியது 11-க்கு மேல். மூன்று இடத்துக்கு நூறு பேருக்குக் குறையாது. செவிலியர், மருந்தாளுநர் பதவிகளுக்கும் இன்றைக்கே வைத்துவிட்டதால் மாடிப்படி வரைக்கும் கூட்டம். உட்கார நாற்காலி இல்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள் வாகன நிறுத்தத்தில் துண்டு விரித்துவிட்டார்கள்.

எனக்கு முன்னால் ஒரு செவிலியர் அக்கா. 2020-ல் கொரோனாவுக்கு எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் வந்தவர். பிபிஇ உடைக்குள் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்ற கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். 2022 டிசம்பர் 31-ஓடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டார்கள். புத்தாண்டு அன்றைக்குப் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலமாக 18,000 சம்பளத்தில் இடம் தருவதாக அரசு சொன்னது. "அதுவும் இதே பதினோரு மாசம்தான். அப்பப் போகல. இப்ப அதுக்கே லைன்ல நிக்கிறேன்" என்றார். கோபம் எதுவும் தெரியவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து எனக்கும் இரண்டு இட்லி வைத்தார்.

என் முறை வந்தபோது மணி 3 தாண்டிவிட்டது. மேசைக்குப் பின்னால் நான்கு பேர். முதல் கேள்வி சளி ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றும் முறை. கார்பால் ஃபுக்சின் ஊற்றி, கீழிருந்து சூடு காட்டி, ஆவி வரும்வரை, கொதிக்க விடாமல், 5 நிமிடம். கழுவி 25 சதவீதக் கந்தக அமிலம். மறுபடி கழுவி மெத்திலின் புளூ அரை நிமிடம். சொன்னேன். "அமிலம் எதுக்கு?" மற்ற கிருமிகள் சிவப்பை விட்டுவிடும், காசநோய்க் கிருமி விடாது, அதன் மெழுகுச் சுவர் அப்படி. தலையாட்டினார்.

அடுத்து கிரேடிங். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம்தான் ஒரு புலம். நூறு புலத்தில் 1 முதல் 9 வரை கிருமி இருந்தால் ஸ்கேன்ட்டி, எண்ணிக்கையை அப்படியே எழுத வேண்டும். 10 முதல் 99 என்றால் 1 பிளஸ். புலத்துக்கு 1 முதல் 10 என்றால் 2 பிளஸ், 50 புலம் பார்த்தால் போதும். அதற்கும் மேல் 3 பிளஸ், 20 புலம். இதை ராத்திரி தூக்கத்தில்கூடச் சொல்லிப் பார்த்திருப்பேன். "நிக்‌ஷய் போஷன் எவ்வளவு?" என்று ஓரத்தில் இருந்த மேடம் கேட்டார். நோயாளிகளின் சத்துணவுக்கு வங்கிக் கணக்கில் போடும் தொகை. மாதம் 500 இருந்தது, போன நவம்பரிலிருந்து 1,000. அந்த மேடம் முதல் முறையாகச் சிரித்தார்.

அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு நடுவில் இருந்தவர் கேட்டார்: "கல்யாணம் ஆயிடுச்சா? ஆகப் போகுதா? சேர்ந்த ஆறாம் மாசம் லீவுன்னு வந்து நிக்கக் கூடாது பாருங்க." எனக்கு முன்னால் போன பையனிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். "இன்னும் இல்ல சார்" என்று மட்டும் சொன்னேன். பேறுகாலச் சட்டப்படி, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், ஊதியத்தோடு 26 வாரம் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்துபோனாலும் அந்தச் சலுகை தொடரும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் வேலை கேட்டு நிற்கிறவள் கேட்கிறவருக்குச் சட்டம் சொல்லிக் கொடுப்பதில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

பட்டியல் வந்துவிட்டது. மூன்று பேர் தேர்வு. காத்திருப்போரில் முதல் பெயர் என்னுடையது. அம்மா சாமிக்கு நேர்ந்துகொள்ளலாமா வேண்டாமா என்று குழம்பிப் போயிருக்கிறாள்.

மார்ச் 13, வியாழன்

மதியம் போன். தேர்வான ஒருவர் சேரவில்லை, கோயம்புத்தூரில் பெரிய மருத்துவமனையில் இடம் கிடைத்துவிட்டதாம். "திங்கட்கிழமை காலை 10 மணிக்கு ஜாயின் பண்ண முடியுமா, முடியாதா, இப்பவே சொல்லுங்க." முடியும் என்றேன். லேப் முதலாளியிடம் சொன்னேன். எதிர்பார்த்ததைவிட மரியாதையாக நடந்துகொண்டார். இந்த மாதச் சம்பளத்தை மட்டும் அடுத்த மாதம் தருகிறாராம்.

மார்ச் 17, திங்கள்

சேர்ந்தாயிற்று. ஒப்புதல் கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். நிரந்தரம் கோர மாட்டேன், நீதிமன்றம் போக மாட்டேன் என்ற அளவுக்கு நீள்கிறது. படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாரும் போடறதுதாம்மா" என்றார் கிளார்க். போட்டேன். ஒப்பந்தம் 2026 பிப்ரவரி 16 வரை.

வேலை ஓர் அரசு மருத்துவமனையில். வெளியே கொட்டகை போட்ட இடத்தில் சளி சேகரிக்கிறார்கள், உள்ளே மைக்ராஸ்கோப்பும், கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் மெஷினும். வந்த அன்றைக்கே ஸ்லைடு பார்க்க உட்கார வைத்துவிட்டார்கள்.

மார்ச் 24, திங்கள்

உலகக் காசநோய் நாள். 1882-ல் இதே தேதியில்தான் ராபர்ட் காக் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். டிசம்பர் 7-ல் தொடங்கிய நூறு நாள் தீவிரத் தேடல் இயக்கமும் இன்றோடு முடிகிறது. காலையில் பேரணி, உறுதிமொழி, பேனர் முன்னால் போட்டோ. போட்டோ முடிந்ததும் எல்லாரும் போய்விட்டார்கள், குளிர்பெட்டியில் சளி டப்பாக்கள் அப்படியே இருந்தன.

இங்கே எனக்கு மூத்தவர் ஒரு அண்ணன். அவரும் ஒப்பந்தம்தான். அவருடைய பழைய ஆர்டர்களைக் காட்டினார். முதலில் திட்டத்தின் பெயர் ஆர்என்டிசிபி என்று இருக்கிறது, 2020-லிருந்து என்டிஇபி. திட்டத்தின் பெயரே மாறிவிட்டது, அவர் மட்டும் அதே நாற்காலியில் அதே சம்பளப் படிவத்தில் இருக்கிறார். ஒவ்வொரு பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி காட்டி மறுபடி ஆர்டர் போடுவார்களாம். அந்த ஒரு நாளும் வந்து வேலை பார்ப்பேன் என்கிறார், பார்க்காவிட்டால் மறுநாள் ஸ்லைடு குவிந்துவிடுமே என்று. எனக்கு இதில்தான் எரிச்சல் வருகிறது. காசநோய் பதினோரு மாதத்தில் முடிகிற வேலை என்று யாரும் நினைக்கவில்லை. வேலை என்றென்றைக்கும் இருக்கும், பார்க்கிற ஆள் மட்டும் ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்ந்தவர்.

அண்ணனிடம் எம்ஆர்பி-யைப் பற்றிக் கேட்டேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆய்வக நுட்புநர்களைப் பள்ளி மதிப்பெண்ணையும் டிப்ளமோ மதிப்பெண்ணையும் வைத்தே எடுத்திருக்கிறது, இந்த மாதிரி நேர்காணல் இல்லை. "பன்னண்டாம் வகுப்புல மார்க் கம்மி, அதனால நான் போடறதில்ல" என்றார். எனக்கு மார்க் பரவாயில்லை. வாரிய இணையதளத்தைச் சனிக்கிழமை தோறும் பார்ப்பது என்று போனில் நினைவூட்டல் வைத்துவிட்டேன். இங்கே சேர்ந்த தேதியிலிருந்தே அனுபவச் சான்று மாதாமாதம் வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று நாளைக்குக் கிளார்க்கிடம் கேட்க வேண்டும். ட்ரூநாட்டுக்கு சிப் தீரப் போகிறது, அதற்கும் இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுத வேண்டும்.